பல்லவராயன் வீட்டுக் கணக்கு

பொன்னமராவதி பேருந்து நிலையத்திலிருந்து எந்தப் பக்கம் நடந்தாலும் இரண்டு மூன்று ஃபிளெக்ஸ் பேனர்களுக்குள் 'ஆண்ட பரம்பரை' என்ற சொல்லைப் பார்த்துவிடலாம். கல்யாண வாழ்த்து, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி, எல்லாவற்றிலும் அது உண்டு. வாளும் குதிரையும் கிரீடமும் போட்ட ஒரு மன்னர் படம், அதற்குக் கீழே கூலிங்கிளாஸ் போட்ட இளைஞர்கள் பத்துப் பேர். ஒவ்வொரு சாதிக்கும் ஒரு மன்னர். சில மன்னர்களுக்கு நான்கு சாதிகள் உரிமை கொண்டாடுகின்றன. ஊர்ப் பெயருக்கே பொன்னன், அமரகண்டன் என்ற இரண்டு தலைவர்களின் கதையைச் சொல்கிறார்கள். அமரகண்டான் ஊரணி இன்றும் ஊர் நடுவில் இருக்கிறது. அவர்கள் எந்தச் சாதி என்று டீக்கடையில் யாரிடமாவது கேட்டுப் பாருங்கள். கேட்டவரின் சாதியே பெரும்பாலும் பதிலாக வரும்.

இதைச் சிரித்துவிட்டுப் போகலாம் என்றால் முடியாது. 2019 ஏப்ரலில், நாடாளுமன்றத் தேர்தல் வாக்குப்பதிவை ஒட்டி, ஒரு சமூகத்துப் பெண்களை இழிவாகப் பேசிய வாட்ஸ்அப் ஆடியோ ஒன்று பரவி, இதே பொன்னமராவதியில் கலவரம் வெடித்தது. வட்டம் முழுக்க 144 போட வேண்டியிருந்தது. சாதிப் பெருமையும் அந்தப் பெருமைக்குப் பெண்களின் உடலைக் காவல் வைப்பதும் ஒரே சரக்கின் இரண்டு பொட்டலங்கள். 2022 டிசம்பரில் வேங்கைவயலில் நம் மக்கள் குடிக்கும் தண்ணீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டதும் இதே மாவட்டத்தில்தான்.

நம் வாசிப்பு வட்டத்துக்கு வரும் கல்லூரி மாணவர்கள் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "அண்ணே, நம்மாளுங்க யாருமே ராஜாவா இருந்ததில்லையா?" இந்தக் கேள்வி எங்கிருந்து வருகிறது என்று எங்களுக்குத் தெரியும். நீ என்றைக்குமே அடிமைதான் என்று வகுப்பறையிலும் தெருவிலும் சொல்லிக்கொண்டே இருந்தால் ஒரு பிள்ளை தன் தாத்தனுக்கு ஒரு கிரீடத்தைத் தேடத்தான் செய்யும். நம் சேரிகளிலும் இப்போது வாளேந்திய மன்னர் பேனர்கள் வந்துவிட்டன. அந்தப் பிள்ளைகளைக் கடிந்துகொள்ள எங்களுக்கு மனம் வரவில்லை. ஆனால் கிரீடத்தைத் தேடிக் கிளம்புவதற்கு முன், அந்தக் காலத்துப் பெரிய மனிதர் ஒருவரின் வாழ்க்கையையும் குடும்பத்தையும் ஒருமுறை உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்கிறோம். பொன்னமராவதி வழியாகவே போகலாம். வழி இருக்கிறது.

12ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பாதி. மதுரைச் சிம்மாசனத்துக்கு இரண்டு பாண்டியர்கள் அடித்துக்கொண்டார்கள். பராக்கிரம பாண்டியன் மதுரைக்குள் இருந்தான். குலசேகர பாண்டியன் வெளியே முற்றுகையிட்டான். உள்ளே இருந்தவன் இலங்கை அரசன் முதலாம் பராக்கிரமபாகுவிடம் உதவி கேட்டான். உதவிப் படை வந்து சேர்வதற்குள் மதுரை விழுந்தது. பராக்கிரம பாண்டியனும் அவன் மனைவியும் பிள்ளைகளும் கொல்லப்பட்டார்கள். வீரபாண்டியன் என்ற மகன் மட்டும் தப்பினான். எல்லோரும் பங்காளிகள், ஒரே 'ஆண்ட பரம்பரை'. பிள்ளைகளைக் கொன்றதும் அதே பரம்பரைதான் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இலங்கைப் படைத்தலைவன் லங்காபுரன் திரும்பிப் போகவில்லை. ராமேசுவரத்தில் இறங்கி, குந்துகாலில் தன் அரசன் பெயரால் பராக்கிரமபுரம் என்று ஒரு கோட்டையைக் கட்டிக்கொண்டு, உயிர் தப்பிய இளவரசனுக்காக என்று சொல்லிப் பாண்டிய நாட்டுக்குள் முன்னேறினான். குலசேகரனோ சோழனிடம் போய் நின்றான். ஆக, இரண்டு பங்காளிகளின் சண்டைக்கு இரண்டு வல்லரசுகள் வந்து சேர்ந்தன.

இந்தப் போரைப் பற்றி மகாவம்சத்தின் தொடர்ச்சியான சூளவம்சம் விரிவாகப் பேசுகிறது. அதில் நம் ஊரும் வருகிறது. லங்காபுரன் பொன்னமராவதியைப் பிடித்தான். அங்கிருந்த மாடிகள் கொண்ட அரண்மனையையும் வீடுகளையும் நெல் நிறைந்த களஞ்சியங்களையும் எரித்தான். பிறகு மக்களின் அச்சம் தீர, தன் அரசனின் ஆணையைப் பறையறைந்து அறிவித்தான் என்கிறது அந்த நூல். அரண்மனை எரிந்ததைப் பற்றி நம் பேனர் நண்பர்கள் வருத்தப்படட்டும். நாம் களஞ்சியத்தைப் பார்ப்போம். ஒரு களஞ்சியம் நெல் என்பது எத்தனை குடும்பங்களின் ஒரு வருட முதுகுவலி? அந்த நெல் எரிந்தால் பட்டினி கிடந்தது யார்? அரண்மனைக்காரர் இன்னொரு அரண்மனைக்குப் போவார். எரித்த கையோடு பறையறைந்து ஆறுதல் சொன்னானாமே, அந்தப் பறையை ஒரு தோல்பட்டையில் கோத்துத் தெருத் தெருவாகச் சுமந்து நடந்தவனின் களஞ்சியம் எது?

இதே நூலில் இன்னொரு விஷயம் திரும்பத் திரும்ப வருகிறது. சரணடைந்த குறுநிலத் தலைவர்களுக்கு லங்காபுரன் அணிகலன்களும் பரிசுகளும் கொடுத்து, அவரவர் பகுதியை அவரவரிடமே திருப்பிக் கொடுக்கிறான். நேற்று குலசேகரனுக்காகச் சண்டை போட்டவர், இன்று காதில் புது ஆபரணத்தோடு லங்காபுரன் பக்கம் நிற்கிறார். நாளை மறுபடி மாறுவார். ஆனால் சிறைபிடிக்கப்பட்ட சாதாரணத் தமிழர்கள் கடல் கடத்தப்பட்டார்கள். அனுராதபுரத்தில் தமிழர் படைகள் முன்பு சேதப்படுத்தியிருந்த ரத்னாவலி மகாதூபத்தைச் செப்பனிடும் வேலையில் அவர்களைப் பராக்கிரமபாகு இறக்கினான். பொலன்னறுவையில் ஒரு பிரம்மாண்டத் தூபத்தையும் அவர்களைக் கொண்டே எழுப்பினான். அதன் பெயரே 'தமிழத் தூபம்'. சிங்களத்தில் தெமள மகாசேய என்கிறார்கள். இன்று அது தூபம் மாதிரியே தெரியாது. காடு மூடிய ஒரு மண்குன்று மாதிரி இருக்கிறது. தலைவர்களுக்கு ஆபரணம், ஆட்களுக்கு மண்வெட்டி. போர் என்றால் இரு பக்கத்திலும் இப்படித்தான் பிரிந்தது.

இனி நம் பெரிய மனிதருக்கு வருவோம். குலசேகரனுக்கு உதவியாகச் சோழன் அனுப்பிய படைத்தலைவர்களில் முதன்மையானவன் திருச்சிற்றம்பலமுடையான் பெருமானம்பிப் பல்லவராயன். தொண்டை மண்டலத்துக் காரிகைக் குளத்தூர்க்காரன். ஐரோப்பாவில் இப்படிப்பட்டவனை 'டியூக்' என்பார்கள்: அரசனுக்கு அடுத்த இடத்தில் இருந்து, படை நடத்தி, நிலம் பெற்று, தேவைப்பட்டால் அரசனையே உருவாக்குகிறவன். இவனைப் பற்றி நமக்குத் தெரிவதெல்லாம் பெரும்பாலும் மயிலாடுதுறைப் பக்கம் பல்லவராயன்பேட்டைச் சிவன் கோயிலில் உள்ள ஒரே ஒரு நீண்ட கல்வெட்டால்தான். இரண்டாம் இராசாதிராசனின் எட்டாம் ஆட்சியாண்டில், அதாவது 1170களில், வெட்டியது. மெய்க்கீர்த்திப் புகழ்ச்சிகளுக்கு நடுவே இப்படி ஒரு குடும்பக் கதை கல்லில் கிடைப்பது அபூர்வம். வரலாறு படிக்கிற பிள்ளைகள் கட்டாயம் படிக்க வேண்டும்.

கதை இதுதான். இரண்டாம் இராசராச சோழனுக்கு முடிசூடும் வயதில் மகன் இல்லை. ஆகவே கங்கைகொண்ட சோழபுரத்திலிருந்து விக்கிரம சோழனின் பேரனான எதிரிலிப் பெருமாளை வரவழைத்து இளவரசாக்கினார்கள். இராசராசன் இறந்தபோது அவனுடைய சொந்தப் பிள்ளைகளுக்கு வயது ஒன்றும் இரண்டும். அரசன் செத்த வீட்டில் கைக்குழந்தை வாரிசு இருந்தால் என்ன நடக்கும் என்று மதுரையில் பார்த்தோம். பல்லவராயன் அந்தக் குழந்தைகளையும் அந்தப்புரத்தையும் ஆயிரத்தளி அரண்மனையிலிருந்து கிளப்பி, பாதுகாப்பான இடத்துக்குக் கொண்டுபோய்க் காப்பாற்றினான். சில ஆண்டுகள் கழித்து எதிரிலிப் பெருமாளுக்கு இராசாதிராசன் என்ற பெயரில் முடிசூட்டி, நாட்டில் மறுத்துப் பேச ஆளில்லாமல் பார்த்துக்கொண்டான். இன்றைய மொழியில் சொன்னால் ஆட்சியை நடத்தியது அவன்தான்.

அடுத்துப் பாண்டிய நாட்டுப் போர். தொடக்கத்தில் சோழப் படைக்கு அடி. தொண்டி, பாசி ஆகிய இடங்களில் நடந்த சண்டைகளால் சோழ நாட்டு ஊர்களே கதிகலங்கின. காஞ்சிபுரம் பக்கம் ஆர்ப்பாக்கத்துக் கல்வெட்டு இதை அப்பட்டமாகச் சொல்கிறது. எதிரிலிசோழச் சம்புவராயன் என்ற இன்னொரு பெரிய மனிதர், தன் மகன் போரில் தளபதியாக இருக்கிறானே என்று பயந்துபோய், உமாபதிதேவர் என்ற ஞானசிவதேவரிடம் ஓடுகிறார். தேவர் 28 நாள் பூசை செய்கிறார். சோழப் படை வெல்கிறது. பூசைக்குச் சன்மானம் ஆர்ப்பாக்கம் என்ற முழு ஊர்! ஒரு தகப்பனின் பயம் தீர்ந்ததற்கு ஓர் ஊரைத் தூக்கிக் கொடுக்கலாம் என்றால், அந்த ஊரில் குடியிருந்தவர்கள் எந்தக் கணக்கில் வருகிறார்கள்? பூசைச் சாமானோடு சாமானாகத்தானே?

பல்லவராயன் கடைசியில் வென்றான். லங்காபுரன் உள்ளிட்ட சிங்களத் தளபதிகளின் தலைகளை வெட்டி மதுரைக் கோட்டை வாசலில் ஆணியடித்து வைத்தான். சூளவம்சமோ இந்தத் தோல்வியைப் பற்றி மூச்சே விடவில்லை. லங்காபுரன் வெற்றியோடு கதையை முடித்துக்கொள்கிறது. இரண்டு பக்கத்துப் பரம்பரைகளும் தங்களுக்கு வேண்டியதை மட்டும் எழுதிக்கொண்டன. குலசேகரனை மதுரையில் உட்கார வைத்த பல்லவராயன் கொஞ்ச காலத்தில் நோயில் விழுந்து இறந்துபோனான்.

அதற்குப் பின் நடந்ததுதான் வேடிக்கை. அதே குலசேகரன் இலங்கையோடு ரகசிய உறவு வைத்துக்கொண்டு, வாசலில் இருந்த அந்தத் தலைகளை அகற்றிவிட்டான். சோழர்கள் கோபித்துக்கொண்டு, இன்னொரு படைத்தலைவனான அண்ணன் பல்லவராயனை அனுப்பி அவனைத் துரத்தி, யாரை எதிர்த்து இத்தனை வருடம் சண்டை போட்டார்களோ அந்த வீரபாண்டியனையே மதுரையில் உட்கார வைத்தார்கள். திருவாலங்காட்டுக் கல்வெட்டில் இந்தக் கதை இருக்கிறது. எரிந்த களஞ்சியத்துக்கும் பொலன்னறுவைக்கு மண் சுமக்கப் போனவர்களுக்கும் இதில் பதில் ஏதாவது உண்டா என்று நீங்களே தேடிப் பாருங்கள்.

பல்லவராயன்பேட்டைக் கல்வெட்டு எதற்காக வெட்டப்பட்டது? அவன் வீரத்தைப் பாட மட்டும் அல்ல. அது அடிப்படையில் ஒரு சொத்துப் பத்திரம். இறந்துபோன பல்லவராயனின் மனைவி மக்களுக்கும் உறவினர்களுக்கும் அரசன் இறையிலியாக நிலம் கொடுத்ததைப் பதிவு செய்வதுதான் அதன் நோக்கம். போரும் முடிசூட்டலும் குழந்தைகளைக் காப்பாற்றியதும் எல்லாம் இந்தக் கொடைக்கு முன்னுரை. ஓர் ஆள் இறந்தால் அவன் குடும்பம் நடுத்தெருவுக்கு வரக்கூடாது என்று ஓர் அரசு கவலைப்பட்டிருக்கிறது. அந்தக் கவலையைக் கல்லில் எழுதியிருக்கிறது. எண்ணூற்றைம்பது வருடம் கழித்தும் அந்தக் குடும்பத்துக்குச் சாட்சி இருக்கிறது. நம் பக்கத்தில் பஞ்சமி நிலப் பட்டா கிழிந்துபோன வீடுகள் எத்தனை என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

இறையிலி என்றால் அரசுக்கு வரி இல்லை. வரி இல்லாவிட்டாலும் நிலம் தானாக விளையாது. தஞ்சைப் பக்கத்து ஒரு வேலி நிலம் ஏறத்தாழ ஆறே முக்கால் ஏக்கர். ஒரே ஒரு வேலிக்குச் சேறடிக்க, பரம்படிக்க, நாற்றுப் பறிக்க, நட, களையெடுக்க, அறுக்க, கட்டுச் சுமக்க, களத்தில் அடிக்க, தூற்ற எத்தனை கைகள் வேண்டும் என்பது இதைப் படிக்கிற உங்களில் பாதிப் பேருக்குப் பாட்டிமார் சொல்லித் தெரியும். பல்லவராயனின் மனைவியோ மகளோ வாய்க்காலில் இறங்கியிருக்க மாட்டார்கள். இறங்கியவர்களின் குடும்பம் அந்தக் கல்வெட்டுக்குப் பொருளே அல்ல.

ஆனால் அவர்கள் வேறு கல்வெட்டுகளில் இருக்கிறார்கள். தேடத் தெரிந்தால் கண்ணில் படுவார்கள். தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டுகள், கோயிலுக்குக் கொடுத்த ஊர்களில் எந்தெந்த இடத்துக்கு வரி கிடையாது என்று பட்டியல் போடுகின்றன. ஊர் நத்தம், கோயில், குளம், வாய்க்கால், சுடுகாடு. கூடவே பறைச்சேரி, பறைச்சுடுகாடு, கம்மாணச்சேரி, ஈழச்சேரி, தீண்டாச்சேரி. ஆம், தீண்டாச்சேரி. ஆயிரம் வருடத்துக்கு முன் அரசாங்கக் கணக்கில், எந்தத் தயக்கமும் இல்லாமல், வாய்க்காலை எழுதுகிற அதே கையால் எழுதிய சொல். தீண்டாமை முகலாயர் காலத்தில் வந்தது, வெள்ளைக்காரன் கொண்டுவந்தது என்று யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்பினால் இந்த ஒரு சொல்லைத் திருப்பி அனுப்புங்கள். சுடுகாடு அப்போதே இரண்டு. இன்றும் இரண்டு.

அதே கல்வெட்டுகளில் 'உழப்பறையர்' இருக்கும் சேரி என்றும் வருகிறது. உழுகிற பறையர். பறை என்றால் மேளம், மேளம் என்றால் சாவு என்று நம்மை ஒரே ஒரு தொழிலில் பூட்டி வைத்திருக்கிறார்களே, அந்தப் பூட்டை உடைக்க இந்தச் சொல் போதும். சோழ நாட்டின் நெல் யார் கையில் விளைந்தது என்பதற்குச் சோழனே எழுதிக் கொடுத்த வாக்குமூலம் அது.

இன்னொரு சொல் 'வெட்டி'. சோழர் காலக் கல்வெட்டுகளில் அடிக்கடி வரும் வரிகளில் ஒன்று. பணமாகவோ நெல்லாகவோ தராமல் உடலுழைப்பாகத் தர வேண்டிய வரி. கூலியில்லாத கட்டாய வேலை. வடமொழி 'விஷ்டி'யிலிருந்து வந்த சொல் என்கிறார்கள் கல்வெட்டறிஞர்கள். ஏரிக்கரை அடைக்க, வாய்க்கால் தூர்வார, அதிகாரிக்கு மூட்டை சுமக்க என்று கூப்பிட்டால் போக வேண்டும். கூலி கிடையாது. இன்றைக்கு நாம் 'வெட்டிப் பேச்சு', 'வெட்டிப் பய', 'சும்மா வெட்டியா இருக்கான்' என்கிறோம். சம்பளமில்லாமல் உழைத்தவனின் பெயர் உழைக்காதவனைத் திட்டும் சொல்லாகிவிட்டது. இதைவிடப் பெரிய திருட்டு எதுவும் எங்களுக்குத் தெரியவில்லை. சுடுகாட்டில் நிற்கும் நம் வெட்டியான் தாத்தாவின் பட்டத்தோடும் அந்தச் சொல்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

நிலம் கொடுக்கும்போது 'குடி நீக்கி'க் கொடுப்பது, 'குடி நீங்கா' முறையில் கொடுப்பது என்று இரண்டு வகை இருந்தன. முதலாவதில், அதுவரை நிலத்தில் இருந்த குடிகளின் உரிமை நீக்கப்படும். இரண்டே சொற்கள்தான். ஓர் ஊரின் விதி முடிந்துவிடும். எட்டு வழிச்சாலை, சிப்காட் என்று படிக்கிற தலைமுறைக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

பல்லவராயன் இறந்து ஒரு தலைமுறை கழித்து, 1201இல், திருப்பாம்புரத்தில் ஒரு வேளாளர் தன்னையும் தன் இரண்டு மகள்களையும் 110 காசுக்குக் கோயிலுக்கு விற்றுக்கொண்டார். பஞ்சம். ஒரு காசுக்கு மூன்று நாழி நெல் விற்ற காலம். வேளாளருக்கே அந்தக் கதி என்றால் என்று நாங்கள் பரிதாபத்தைத் தரம் பிரிக்க விரும்பவில்லை. அந்த மனிதரின், அந்த இரண்டு பெண்களின் துயரம் துயரம்தான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். விற்றுக்கொள்ளவாவது அவரிடம் 'தான்' என்று ஒன்று இருந்தது. அதற்கு விலை, பத்திரம், சாட்சி எல்லாம் உண்டு. பிறப்பிலேயே மண்ணோடு சேர்த்துக் கைமாறியவர்களுக்கு அந்தப் பத்திரமும் இல்லை. 1843இல் ஆங்கிலேயர் அடிமை முறைக்கு எதிராக ஐந்தாம் எண் சட்டம் போட்ட பிறகும் தஞ்சைப் பகுதியில் பண்ணையாள் பண்ணையாளாகவே இருந்தான். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேரை ஒரே குடிசையில் வைத்துக் கொளுத்தியபோது அவர்கள் கேட்டிருந்தது கூலியில் கொஞ்சம் கூடுதல் நெல். பல்லவராயன் குடும்பம் பெற்ற மாதிரியான நிலங்கள் கிடக்கும் அதே காவிரிப் படுகையில்தான்.

இது நம் ஊரின் தனிச் சாபமா என்று கேட்டால் இல்லை. கொஞ்சம் கடல் தாண்டிப் பார்ப்போம்.

முதலாம் குலோத்துங்க சோழன் நாடு முழுக்க நிலம் அளந்த அதே 1086இல் இங்கிலாந்திலும் ஒரு பெரிய கணக்கெடுப்பு நடந்தது. நார்மண்டியின் டியூக்காக இருந்து 1066இல் இங்கிலாந்தைப் பிடித்த வில்லியம் எடுத்த 'டூம்ஸ்டே' கணக்கு. யாரிடம் எவ்வளவு நிலம், எத்தனை ஏர், எத்தனை பன்றி என்று எழுதியவர்கள், எத்தனை அடிமைகள் என்றும் எழுதினார்கள். ஏறத்தாழ 28,000 அடிமைகள். பதிவானவர்களில் பத்தில் ஒரு பங்கு. பிரபுக்களுக்குப் பெயர் இருக்கிறது. அடிமைகளுக்கு எண்ணிக்கை இருக்கிறது, பெயர் இல்லை.

அந்த வில்லியமின் கொள்ளுப்பேரன் இரண்டாம் ஹென்றியின் மகள் மட்டில்டாவை 1168இல் கட்டிக்கொண்டவன், சாக்சனி, பவேரியா இரண்டுக்கும் டியூக்கான ஜெர்மானிய ஹென்றி. 'சிங்கம்' என்று பட்டம். நம் பல்லவராயனின் சமகாலத்தவன். மணமகனுக்கு நாற்பதை நெருங்கும் வயது, மணமகளுக்குப் பன்னிரண்டு. முதல் மனைவியை ஏற்கெனவே விலக்கிவிட்டிருந்தான். 1158இல் ஒரு பிஷப்பின் சுங்கப் பாலத்தை அழித்து, உப்பு வண்டிகளைத் தன் இடம் வழியாகத் திருப்பிவிட்டுச் சந்தை அமைத்தான். அதுதான் இன்றைய மியூனிக். கிழக்கே ஸ்லாவ் மக்களின் நிலங்களைத் தாக்கினான். நிக்லோட் என்ற ஸ்லாவ் தலைவன் 1160இல் அந்தப் போரில் இறந்தான். ஏழு வருடம் கழித்து நிக்லோட்டின் மகன் ஞானஸ்நானம் பெற்று ஹென்றிக்குக் கட்டுப்பட்டதும் நிலம் திரும்பிவந்தது. அந்தக் குடும்பம் 1918 வரை அங்கே ஆண்டது. சரணடைந்த தலைவனுக்கு ஆபரணம் என்று பொன்னமராவதிப் போரில் பார்த்தோமே, அதே கதை. சாதாரண ஸ்லாவ் மக்களுக்கு என்ன கிடைத்தது? இடைக்கால ஐரோப்பாவில் அவ்வளவு பேர் பிடித்து விற்கப்பட்டதால், அவர்கள் இனத்தின் பெயரே ஐரோப்பிய மொழிகளில் அடிமைக்குச் சொல்லாகிவிட்டது. ஆங்கிலத்தில் நாம் சொல்லும் 'ஸ்லேவ்' அதுதான். நமக்கு 'வெட்டி', அவர்களுக்கு 'ஸ்லேவ்'.

ஹென்றி 1180இல் பேரரசனோடு மோதிப் பட்டங்களை இழந்தான். மாமனார் வீட்டுக்கு, இங்கிலாந்துப் பக்கம் போய் அடைக்கலமானான். 1195இல் செத்தபோது கையில் மிஞ்சியது பிரன்ஸ்விக், லூனபர்க் பகுதி மட்டும். ஆனால் பரம்பரைக்குக் கணக்கு எழுதுகிறவர்கள் இருந்தார்கள். அவன் பேரன் 1235இல் அந்தப் பகுதிக்கு டியூக் ஆனான். அந்த வழியில் வந்த ஹனோவர் ஜார்ஜ் 1714இல் பிரிட்டன் அரசன். அதே வழியில் வந்த விக்டோரியாவை 1877 ஜனவரி 1 அன்று தில்லியில் தர்பார் கூட்டி இந்தியாவின் பேரரசி என்று அறிவித்தார்கள். அப்போது மதராஸ் மாகாணத்தில் தாது வருசப் பஞ்சம், சேரிகள் காலியாகிக்கொண்டிருந்தன. எழுநூறு வருடத்துப் பரம்பரைப் பட்டியலை அவர்களால் ஒரு சுவரில் எழுத முடிகிறது. பஞ்சத்தில் கப்பலேறிய நம் கொள்ளுத் தாத்தாவின் பெயரை நாம் தேயிலைத் தோட்டத்துப் பேரேட்டில் தேடுகிறோம்.

கதை இன்னும் முடியவில்லை. பிரன்ஸ்விக் பேராலயத்தில் ஹென்றியும் மட்டில்டாவும் கல்லில் சேர்ந்து படுத்திருக்கும் கல்லறை இருக்கிறது. 1935இல் நாஜிகள் அந்தக் கல்லறையைத் தோண்டினார்கள். ஹிட்லரே வந்து பார்த்தான். வழிபாடு நடந்துகொண்டிருந்த பேராலயத்தை நாஜிகளின் தேசியத் திருத்தலமாக மாற்றினார்கள். காரணம், கிழக்கே ஸ்லாவ் நிலங்களைப் பிடித்த முன்னோடியாம் ஹென்றி! செத்து எழுநூற்று நாற்பது வருடம் ஆன ஒருவனின் எலும்பைக் காட்டி, போலந்துக்கும் ரஷ்யாவுக்கும் படையெடுக்க ஒரு தலைமுறை இளைஞர்களுக்கு வெறியூட்டினார்கள். 'ஆண்ட பரம்பரை' என்ற சொல்லுக்கு ஜெர்மானிய மொழிபெயர்ப்பு எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள விரும்புபவர்கள் அந்த 1935ஐப் படித்தால் போதும்.

சரி, நமக்கு ராஜா இருந்தானா இல்லையா? இந்த நாட்டில் ஆயிரக்கணக்கான குறுநிலத் தலைவர்கள் இருந்திருக்கிறார்கள். எந்தச் சாதியும் எப்போதும் இன்றிருக்கும் இடத்திலேயே இருக்கவில்லை. ஆய்வாளர்கள் ஆதாரத்தோடு எதைக் கொண்டுவந்தாலும் திறந்த மனதோடு படிப்போம். ஆனால் நம் தாத்தன் ஒருவன் அரண்மனைக்குள் இருந்தான் என்று நிரூபித்துவிட்டால், களஞ்சியத்தை நிரப்பியவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு என்ன கிடைக்கும்? பேனரில் இன்னொரு குதிரை. 'உழப்பறையர்' என்ற ஒரே சொல்லில் நமக்கு இருக்கிற உரிமை எந்தக் கிரீடத்திலும் இல்லை என்பது எங்கள் கட்சி. இந்த நிலம் எங்கள் உழைப்பால் விளைந்தது என்று சொல்ல, பஞ்சமி நிலத்தைத் திருப்பிக் கேட்க, கோயில் நிலக் குத்தகையில் பங்கு கேட்க அது ஆவணம். கிரீடத்தைக் காட்டி எந்தத் தாசில்தாரிடமும் எதுவும் கேட்க முடியாது. மாற்றுக் கருத்து உள்ள தோழர்கள் வாருங்கள், பேசுவோம். எங்களுக்குள்ளேயே இதில் சண்டை உண்டு.

படிக்க நினைப்பவர்களுக்குச் சில வார்த்தை. புதுக்கோட்டைக்காரர்களுக்கு ஓர் அதிர்ஷ்டம்: சமஸ்தானக் காலத்திலேயே இந்தப் பகுதிக் கல்வெட்டுகளைப் படியெடுத்து 1929இல் புத்தகமாக்கிவிட்டார்கள். நூலகத்தில் கேளுங்கள். எடுத்த உடனே அரசன் பெயரைத் தேடாதீர்கள். மெய்க்கீர்த்தியைத் தாண்டி, எல்லை சொல்லும் வரிகளுக்குப் போங்கள். நிலத்தின் கிழக்கெல்லை, தென்னெல்லை என்று சொல்லும் இடத்தில்தான் சேரியும் புலமும் வாய்க்காலும் வரும். சேரி, பறை, புலை, வெட்டி, ஆள், அடிமை, குடி நீக்கி, பாடிகாவல் ஆகிய சொற்களை ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு, எந்த ஊர், எந்த ஆண்டு என்று குறித்துக்கொண்டே வாருங்கள். பொன்னமராவதி ராஜேந்திர சோழீசுவரர் கோயிலிலிருந்து தொடங்கலாம். நடந்து போகிற தூரம்தான். சுவரைப் படமெடுக்க யாராவது தடுத்தால் வாக்குவாதம் வேண்டாம். எங்களிடம் சொல்லுங்கள், நாலு பேராகப் போவோம்.

கூடவே உங்கள் பாட்டியிடம் உட்கார்ந்து, ஊரில் உள்ள வயல்களின் பெயர்களைக் கேட்டு எழுதி வாருங்கள். பத்திரத்தில் இருக்கிற பெயர் அல்ல, வேலைக்குப் போகும்போது பெண்கள் சொல்கிற பெயர். அடுத்த மாதக் கூட்டத்தில் இரண்டு நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.